மரியப்பன் மடித்து வைத்த பொட்டலம்

எனக்கு வாய் நீளம். காரைக்குடியில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் கேட்டால் முதலில் அதைத்தான் சொல்வார்கள். கணக்கு நன்றாக நடத்துவேன் என்பதை அப்புறம்தான் சொல்வார்கள். நாகவல்லி டீச்சர் வருகிறாள் என்றால் வராந்தாவில் ஓடுகிற பிள்ளைகள் நின்றுவிடும். இருபத்தாறு வருடமாக அதில் எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனை என்ன பாடு படுத்தினேன் என்று எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். வெட்கக்கேடுதான். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மரியப்பன் எங்கள் ஊர்ச் செக்காலைப் பகுதியில் ஒரு சந்துக்குள் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். கடை என்றால் ஒரு மேசை, இரண்டு ஸ்டூல், சுவரில் ஒரு மாதா படம், அவ்வளவுதான். சொந்த ஊர் சிங்கம்புணரிப் பக்கம். பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு டிவி பழுது பார்க்க வந்தவர், டிவி வேலை குறைந்ததும் கணினிக்கு மாறிக்கொண்டார். யாரும் சொல்லித் தரவில்லை. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வரும் கணினிகளை வாங்கிக் கழற்றிக் கழற்றியே கற்றுக்கொண்டார். அதிகம் பேசமாட்டார், ஆனால் கேள்வி கேட்பார். கணினி எப்போது நின்றது, அந்த நேரம் மிக்ஸி ஓடியதா, ஜன்னல் வெயில் அதன் மேல் விழுகிறதா என்று டாக்டர் மாதிரி கேட்டுக்கொண்டே இருப்பார். கேள்வி கேட்டே பழகிய எனக்கு, பதில் சொல்லச் சொன்னால் எரிச்சலாக வரும்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்து கழற்றிய பொருள் எதையும், அது ஒரு திருகாணியானாலும், தன் பையில் போட்டுக்கொண்டு போகமாட்டார். அந்த வீட்டுத் தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கேட்டுக் கிழித்து, பொருளை அதில் மடித்து, மேலே பேனாவால் என்னவென்று எழுதி, அந்த வீட்டில் இருப்பவர்கள் காட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போவார். பொருள் அவரவர் வீட்டிலேயே இருந்தால் நாளைக்கு ஒரு பேச்சு வராது என்று என் வீட்டுக்காரரிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். பத்து வருடமாக வந்து போகிறவர். எனக்கும் இது தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

போன ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு முடிந்து, விடைத்தாள் திருத்தி, மதிப்பெண்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். நாலு பிள்ளைகளின் மதிப்பெண் ஏற்றுவதற்குள் கணினி நீலத் திரையைக் காட்டிவிட்டு அணைந்துவிடும். தானாகவே மறுபடி எழுந்திருக்கும், மறுபடி அணையும். பள்ளி ஆசிரியர் அறையில் சொன்னால் எல்லோரும் ஒரே பாட்டுத்தான்: விண்டோஸை அழித்துவிட்டுத் திரும்பப் போடு, சரியாகிவிடும். நானும் அதைச் செய்யச் சொல்லித்தான் மரியப்பனைக் கூப்பிட்டேன்.

வந்தவர் அதைச் செய்யவில்லை. பெட்டியைத் திறந்து தூசியை ஊதினார். பிளக்கை வேறு இடத்தில் மாற்றிப் பார்த்தார். மெமரி என்று விரல் நீளத்தில் இரண்டு பச்சை அட்டைகள் உள்ளே சொருகியிருக்கும், அவற்றைக் கழற்றி ரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகினார். ஒரு மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில், கோளாறு விண்டோஸில் இல்லை, இந்த இரண்டு அட்டைகளில் ஒன்றில் இருக்கிறது போலத் தெரிகிறது என்றார். ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும், நிற்காமல் ஓடினால் கழற்றியதுதான் கெட்டது என்றார். திரும்பப் போடுவதை மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள், உங்கள் பழைய வினாத்தாள் எல்லாம் பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கிறது, அந்த மென்பொருள் போய்விட்டால் ஒன்றும் படிக்க வராது என்றும் சொன்னார். நான் சிவப்புப் பேனாவை வாயில் கவ்விக்கொண்டு விடைத்தாள் கட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். போகும்போது என்னமோ கேட்டார், நானும் என்னமோ சொன்னேன்.

கணினி ஆமை மாதிரி ஓடியது. எனக்கு மூன்று நாளுக்கு மேல் பொறுக்கவில்லை. அந்த மூன்று நாளில் அது ஒரு தடவைகூட நிற்கவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வேறொரு பெரிய கடைக்குப் போய் விண்டோஸைத் திரும்பப் போடச் சொன்னேன். போட்டுக் கொடுத்தார்கள். கூடவே, மெமரி எட்டு ஜிபி இருக்க வேண்டிய இடத்தில் நாலுதான் இருக்கிறது, யாரோ ஒன்றை உருவியிருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து வினாத்தாளைத் திறந்தால் பதினைந்து வருட உழைப்பு வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது. என் அவசரத்தால் போனது அது. ஆனால் அந்தக் கோபத்தையும் சேர்த்து மரியப்பன் தலையில் இறக்கினேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு, சந்து நிறைய ஆள் இருக்கும் நேரம் பார்த்துப் போனேன். பத்து வருடமாக "வாங்க தம்பி" என்று கூப்பிட்ட வாய் அன்றைக்கு நீ, வா, போ என்றது. மெமரியைத் திருடினவன் என்று கத்தினேன். டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸோடு வந்து வேடிக்கை பார்த்தார்கள். மரியப்பன் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார்.

"நீங்க சொன்ன எடத்துலதானே வச்சேன் டீச்சர். டப்பாவுல பாருங்க."

வீட்டுக்கு வந்து பெருங்காய டப்பாவிலிருந்து ஊசிநூல் டப்பா வரைக்கும் ஒன்று விடாமல் கவிழ்த்தேன். இல்லை. திருட்டோடு பொய் வேறா என்று கொதித்துப்போய், அந்தக் கணினியிலேயே வாட்ஸப்பைத் திறந்து, எங்கள் தெரு குழுவிலும் ஆசிரியர் குழுவிலும் அவர் பெயரையும் கடை இருக்கும் இடத்தையும் போட்டு எழுதினேன். இவரை வீட்டுக்குள் விடாதீர்கள், நல்ல பொருளைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார் என்று எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து நான் பள்ளியில் இருந்தபோது மரியப்பன் வீட்டுக்கு வந்து, தன் கைக்காசில் வாங்கிய ஒரு மெமரியைச் சொருகிவிட்டுப் போயிருக்கிறார். டீச்சர் மனசு ஆறினால் சரி என்று மட்டும் சொன்னாராம். என் வீட்டுக்காரர் அதைச் சொன்னபோது எனக்கு ஒரு வெற்றிச் சிரிப்பு வந்தது. அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. உடனே குழுவில் இரண்டாவது செய்தி போட்டேன், பிடிபட்டதும் திருடிய பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று. முப்பத்தெட்டுப் பேர் கைதட்டும் படம் போட்டார்கள். அது எங்கெங்கோ போயிருக்கிறது. அவர் மாதாமாதம் போய்க் கணினி பார்த்துவந்த ஒரு பள்ளியில், இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகக் காதில் விழுந்தது. வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. முதல் நாள் ஆசிரியர் அறையில் என் அலமாரியைத் திறந்து, சிவப்புப் பேனா எடுக்கப் பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். விடைத்தாள் திருத்தும் சாமான்களை அதில்தான் போட்டு வைப்பேன். திருத்தி முடித்ததும் மூடிப் பள்ளிக்குக் கொண்டுவந்து பூட்டிவிடுவேன். பேனாக்களுக்கும் விடைத்தாள் கட்டும் நூலுக்கும் நடுவில் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. காலண்டர் தாள். ஏப்ரல் இருபத்திரண்டு. மேலே அவர் கையெழுத்தில், 'மெமரி 1, சந்தேகம், நாகவல்லி டீச்சர் வீடு'.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. இதை எங்கே வைக்க என்று கேட்டார். திரும்பிக்கூடப் பார்க்காமல், அந்த டப்பாவில் போடுங்கள் என்று நான்தான் சொன்னேன். மூடி திறந்து என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு எந்த வகுப்புக்கும் நான் போகவில்லை.

மன்னிப்புக் கேட்கப் போனேன். எந்த நேரத்துக்குப் போனேன் தெரியுமா? அரை நாள் லீவு போட்டு, மத்தியானம் இரண்டு மணிக்கு. டீக்கடை அடைத்து, சந்தில் ஒரு காக்கா குருவி இல்லாத நேரம். அதையும் யோசித்துத்தான் போனேன், அதையும் சொல்லிவிட வேண்டும். மரியப்பனும் அவர் மனைவி அடைக்கலமேரியும் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேசையில் பழுதுக்கு வந்த சாமான் ஒன்றும் இல்லை. பொட்டலத்தை நீட்டினேன். தப்பு என்னுடையதுதான் தம்பி, மன்னிச்சிருங்க என்றேன்.

அவர் கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தாளைப் பிரித்தார். அட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நான் போட்ட மெமரியில இப்ப நிக்காம ஓடுதா டீச்சர்?"

"ஓடுது தம்பி. ஒரு தடவைகூட நிக்கல."

"அப்ப கோளாறு இதுலதான். இது எதுக்கும் ஆகாது, தூக்கிப் போட்டுருங்க."

ஒன்றுக்கும் ஆகாத ஒரு கெட்டுப்போன அட்டைக்காக அவரைத் திருடன் என்றிருக்கிறேன். அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நல்லது, எல்லாம் சரியாகிவிட்டது என்று ஏதோ உளறிக்கொண்டு கிளம்பினேன். அடைக்கலமேரி தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. சோற்றைப் பார்த்தபடியே சொன்னார்.

"அன்னைக்கு ஊரே கேக்கச் சொன்னீக. இன்னைக்கு எங்க ரெண்டு பேருக்கு மட்டும் சொல்லிட்டுப் போறீக."

மரியப்பன் அவரை அதட்டினார். எனக்கு நியாயம் தெரியும், அதட்ட வேண்டியது அவரை இல்லை.

வீட்டுக்கு வந்து கணினியைப் போட்டேன். முதலில், ஒரு சிறு தவறான புரிதல் ஏற்பட்டுவிட்டது என்று எழுதினேன். ஒரு பிள்ளை விடைத்தாளில் இப்படி மழுப்பியிருந்தால் குறுக்கே கோடு போட்டிருப்பேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். மரியப்பன் எதையும் திருடவில்லை. பொருள் என்னிடமே இருந்தது. வைக்கச் சொன்னதும் நான்தான். அவர் மேல் நான் சொன்னது அத்தனையும் பொய். முன்பு நான் எழுதியதை நீங்கள் எங்கெங்கே அனுப்பினீர்களோ அங்கெல்லாம் இதையும் அனுப்புங்கள்.

எழுதி முடித்து அனுப்பும் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முப்பத்தெட்டுப் பேர் முகமும் வந்து போனது. நாளைக்கு வராந்தாவில் எப்படி நடப்பேன் என்று இருந்தது. ஏப்ரலில் நாலு வரிக்கு ஒரு தடவை அணைந்த சனியன், இப்போது ஒரு தடவை அணையக்கூடாதா, எழுதியதெல்லாம் போய்விடக்கூடாதா என்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, சாமியை வேண்டினேன். கால் மணி நேரம் ஆனது. கணினிக்குள் விசிறி சீராக ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே இருந்து என் வீட்டுக்காரர் கேட்டார், "என்ன, தட்டுற சத்தத்தையே காணோம். மறுபடி நின்னுபோச்சா?"

"இல்லைங்க," என்றேன். "நல்லாப் பாத்துக் குடுத்திருக்காரு. நிக்கவே மாட்டேங்குது."

விரலை அழுத்தினேன்.