அமைதித் தட்டு

தொப்புள்கொடியை இரண்டு விரல்களால் உருவி, உள்ளே தங்கிய பழைய ரத்தத்தைப் பிதுக்கிக்கொண்டிருக்கிறாள் கொடியம்மா. பிரசவ வார்டில் வேண்டாமென்று ஒதுக்குவதை ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துவருவது அவள் வேலை. பெயரும் ஆய்வுக்கூடம் வைத்ததுதான். சொந்தப் பெயர் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது மட்டும் வெளியே வரும்.

கொடியின் ரத்தக் குழாயை மருந்து விட்டு அலசினால் உள்சுவர்ச் செல்கள் உதிரும். தட்டில் வளர்த்தால் கூழாங்கல் பாவிய தரைபோல் நெருக்கமாக அமர்ந்துவிடும். புதிதாக வருகிறவர்களிடம், "இவங்கதான் வாசல்ல நிக்கிறவங்க. சும்மா இருந்தா யாரையும் தொட மாட்டாங்க. உடம்புல எங்கியாவது தீப்பிடிச்சிடுச்சுன்னு சேதி வந்தா, ஓடற வெள்ளையணுவைக் கையப் புடிச்சு நிறுத்தி உள்ள அனுப்புவாங்க" என்பாள்.

சோதனைக்கு இரண்டு தட்டுகள். ஒன்றில் அழற்சியைத் தூண்டும் மருந்து விடுவார்கள். மற்றது எதுவும் விடாத அமைதித் தட்டு. இரண்டிலும் வெள்ளையணுக்களை ஊற்றிக் கழுவினால், தூண்டியதில் ஒட்ட வேண்டும், அமைதித் தட்டில் வழுக்கிப் போக வேண்டும். வெள்ளையணுக்களுக்குக் கொடியம்மாவின் ரத்தம். கூப்பிட்ட நேரத்தில் கை நீட்டுகிற ஆள் வேறு யாருமில்லை. இப்படி ரத்தம் கொடுப்பதற்கு வீட்டுக்காரர் குறைபட்டுக்கொண்டபோது, "நீங்க கேக்காமலே உறிஞ்சுறீங்க. அங்க ஊசி குத்தறதுக்கு முன்னாடி அக்கான்னாவது கூப்புடறாங்க" என்றாள்.

இந்த மழைக்காலத்தில் அமைதித் தட்டிலும் வெள்ளையணுக்கள் ஒட்டத் தொடங்கின. கொடியம்மா பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். கழுவியது போதவில்லை, கொடி பழசு, பெட்டியைத் திறந்துவைத்துவிட்டோம். நல்ல செல்களையெல்லாம் ப்ளீச்சில் கொட்டினாள். ஆய்வுப் பட்டத்துக்குப் படிக்கிற பெண் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினாள். காலையில் விரல்கள் வீங்கி மடங்காமல் போவதையும், கணுக்காலில் செம்புள்ளிகள் பரவுவதையும் கொடியம்மா வயசின் தலையில் கட்டிவைத்திருந்தாள்.

கடைசியில் அந்தப் பெண் தன் ரத்தத்தையே எடுத்துப் பார்த்தாள். அமைதித் தட்டில் ஒன்றுகூட ஒட்டாமல் வழுக்கிப் போனது.

பேராசிரியர் நுண்ணோக்கியிலிருந்து தலையெடுத்துச் சிரித்தார். "நல்லவேளை, செல்லு மேல தப்பில்ல. அக்கா ரத்தத்துலதான் கோளாறு. இனிமே நீயே குடுத்துடும்மா."

அறையே மூச்சு விட்டது. தேநீர் வந்தது. என்ன கோளாறு என்று அவர் கேட்கவில்லை. கொடியம்மாவுக்கு யாரும் சொல்லவும் வேண்டாம். தூண்டாமலே ஒட்டுகிற வெள்ளையணு, தீயே இல்லாத இடத்தில் நுழைந்து குழாயை அரிக்கும் என்று இந்த மேசையருகே எத்தனையோ முறை பேசக் கேட்டிருக்கிறாள். மருத்துவரிடம் போனால் நோய்க்குப் பெயர் வைப்பார். அடுத்த மாதம் ஒப்பந்தத்துக்கு உடல்தகுதிச் சான்று கேட்பார்கள். பெயர் வைத்த நோய்க்காரியை யாரும் திரும்ப எடுப்பதில்லை. வீட்டில் அடுப்பெரிவது அவள் சம்பளத்தில்.

"ஒரு தடவ டாக்டர பாத்துக்கங்கக்கா" என்றாள் அந்தப் பெண், பிஸ்கட்டை நனைத்தபடி.

"எனக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். நீ கைய நீட்டு."

எப்போதும் போடும் சின்னக் கையுறை விரல் கணுவில் நின்றுவிட்டது. அதை உருவிக் குப்பையில் போட்டாள். பக்கத்துப் பெட்டியிலிருந்து, ஆண்கள் போடும் பெரியதை எடுத்து மாட்டிக்கொண்டு, நீட்டிய கையில் நரம்பைத் தட்டிப் பார்த்தாள்.