மேசைக்கு அடியில் எடுத்த அளவு

எங்கள் ஆய்வு அலுவலகத்தில் டேப் அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஐந்து வயதில் பதிவான ஐம்பத்திரண்டு குழந்தைகளை, முப்பத்தைந்து வருடமாக, ஆண்டுக்கொரு முறை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறார். உயரம் அளப்பார், அதே கேள்விகளைக் கேட்பார். வளர வளர மனிதர் எதில் மாறுகிறார், எதில் அப்படியே இருக்கிறார் என்பதுதான் ஆய்வு. அந்தக் குழந்தைகளுக்கு இப்போது நாற்பது வயது. மிஞ்சியிருப்பவர்கள் இருபத்தொன்பது பேர். முன்பு என்ன பதிவானது என்று அவர்களிடம் மூச்சு விடக் கூடாது. சொன்னால் அடுத்த பதில் அதன் பக்கம் சாய்ந்துவிடும்.

படிவங்களைத் தட்டச்சு செய்யும் நான், அன்று எழுதிக்கொள்வதற்காகக் கூடப் போயிருந்தேன். முப்பத்தொன்றாம் எண், பேருந்து ஓட்டுநர். எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"அக்கா, இந்த வருஷம் நான்தான் கேள்வி கேப்பேன். சின்ன வயசுல நான் எப்படி இருந்தேன்?"

"அதைச் சொல்லக் கூடாதுப்பா. உனக்கே தெரியும்."

"எங்கம்மா இருந்தா உங்களை ஏன் கேக்கிறேன்? என் பொண்ணைப் பாருங்க. ஆள் வந்தா மேசைக்கடியில பூந்துக்கிறா. புள்ளைக்கு ஏதோ குறைன்னு என் மாமியார் ஓதிக்கிட்டே இருக்காங்க. சொல்லலைன்னா என் பேரை அடிச்சிடுங்க."

சாப்பாட்டு மேசைக்குக் கீழே இரண்டு சின்னப் பாதங்கள் தெரிந்தன.

அக்கா முழங்காலைத் திட்டிக்கொண்டே தரையில் படுத்தார். டேப்போடு மேசைக்கு அடியில் நகர்ந்தார்.

"எவ்ளோ நீளம்னு பாக்கலாமா? நல்லா நீட்டிப் படு."

"உங்க கால் வெளிய இருக்கு!"

"என்ன பண்றது கண்ணு, நான் வளந்துட்டேன், மேசை வளரலை."

சிரிப்பு கேட்டது. ஓட்டுநர் குனிந்து பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னையும் இப்படித்தானே அளந்தீங்க? பச்சை மேசை. நீங்க தலையை இடிச்சுக்கிட்டீங்க."

"நான் ஒண்ணும் சொல்லலை," என்றது மேசைக்கு அடியிலிருந்து அக்காவின் குரல்.

ஓட்டுநரின் முதல் படிவத்தில், 'மேசைக்கு அடியில், படுத்தபடி எடுத்த அளவு' என்று இருக்கிறது. மேசையின் நிறம் இல்லை.

பதினான்காம் கேள்வி: புதியவர்களிடம் பேசத் தயக்கம் உண்டா? பெரியவரான பிறகு ஒவ்வொரு வருடமும் "சேச்சே, இல்லை" என்றவர், மகளின் பாதங்களைப் பார்த்தார்.

"உண்டு. எழுதிக்கோங்க. தினம் நூறு பேரை ஏத்தி இறக்குறேன். ஆனா விருந்துன்னா இன்னமும் மூலையைத்தான் தேடுறேன்." பிறகு, "அடுத்த வருஷமும் வாங்க," என்றார்.

படிக்கட்டில் அக்கா கேட்டார்: "விதியை மீறிட்டேனாம்மா?"

"வாயால சொல்லலையே அக்கா."

"நடந்ததை அப்படியே குறிப்புல எழுதிடு. ஆய்வை நடத்துறவங்களே முடிவு பண்ணட்டும்."

எழுதினேன். அந்தச் சிறுமியின் உயரத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. அதையும் ஓரத்தில் எழுதிவைத்தேன்.