ராக்கெட் கம்பத்தைக் கடக்கும் நேரம்

தேர்வின் விடைக்குறிப்பு இணையத்தில் வந்த அன்று மாலை, பல நாட்களுக்குப் பிறகு என் கணவர் முகம் மலர்ந்து வீட்டுக்கு வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "பாத்தியா? பாயின்ட் ஃபைவ் சிக்ஸ்தான். அன்னிக்கு இன்னாமோ அந்தக் குதி குதிச்ச" என்றார்.

நான் மதியமே பார்த்திருந்தேன். "பாத்தேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைத் தணித்தேன்.

நாங்கள் இருவரும் இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்து பி.எட். படித்தவர்கள். அவர் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தார். நான் கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியை. காலையில் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறிப்போய் மாலையில் இறங்கி வருவேன். அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கான போட்டித் தேர்வை அந்த வருடம் இருவரும் சேர்ந்தே எழுதினோம். ஒரே பாடம், ஒரே பிரிவு, ஒரே பட்டியல். அந்தப் பட்டியலில் ஒருவர் மேலே, ஒருவர் கீழே இருந்துதான் ஆகவேண்டும். அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

படிப்பைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தோம். எலக்ட்ரானிக்ஸ், அணுக்கரு இயற்பியல் எல்லாம் அவர் எனக்குச் சொல்லிக்கொடுப்பார். சிறப்புச் சார்பியல் என் பங்கு. அதில் சூத்திரங்கள் கொஞ்சம்தான். ஆனால் கணக்கில் கை வைத்தால் வழுக்கும். ஒளியின் வேகத்துக்கு அருகே போகும் பொருள், தரையில் நின்று அளப்பவருக்கு நீளம் குறைந்துபோகும். அதனுள்ளேயே உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் குறையாது. அதனால் எண்ணைத் தொடுவதற்கு முன், யார் அளக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வேன். கணக்கின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கண் வரைந்து, பக்கத்தில் 'தரை' அல்லது 'வண்டி' என்று எழுதிய பிறகுதான் வகுக்கவோ பெருக்கவோ தொடங்குவேன்.

அவருக்கு அதற்குப் பொறுமை கிடையாது. "பரீட்சையில டைமே கம்மி. கண்ணு மூக்கு வரைஞ்சிக்கினு இருந்தா எப்ப முடிக்கிறது?" என்பார். வேகத்தில் அவர் என்னைவிடப் பெரிய ஆள்தான். பெரும்பாலும் சரியாகவே வரும். தவறினால் இந்த ஒரு இடத்தில்தான் தவறும். ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்வார். தேர்வு நெருங்க நெருங்கச் சிரிப்பு குறைந்தது. ஒரு காலையில் அவர் விடையை நான் சுழித்ததும் பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்துபோனார். அதன்பிறகு அவரவர் தனித்தனியாகப் படித்தோம். ஒரே அறைதான், இரண்டு மூலைகள்.

தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. ஓய்வில் இருக்கும்போது நூறு மீட்டர் நீளமுள்ள ராக்கெட், ஒளியின் வேகத்தில் பத்தில் ஆறு பங்கு வேகத்தில், தரையில் நட்ட ஒரு கம்பத்தைக் கடக்கிறது. தரையில் நிற்பவர் அளந்தால் எவ்வளவு நேரம் ஆகும்? அந்த வேகத்தில் நூறு மீட்டர் அவருக்கு எண்பதாகிவிடும். எண்பதை வைத்து வகுத்தால் 0.44 மைக்ரோ செகண்ட். சுருக்கத்தை மறந்து நூறையே வைத்தால் 0.56. கேள்வி எடுத்தவர் இரண்டு எண்ணையும் விடைகளில் வைத்திருந்தார்.

விழுப்புரத்தில் தேர்வு எழுதிவிட்டு பைக்கில் திரும்பினோம். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் கேட்டேன். "அந்த ராக்கெட் கணக்குக்கு இன்னா போட்டீங்க?"

"ஃபைவ் சிக்ஸ்."

"ஓய்வில் இருக்கும்போது நூறுன்னு இருந்துச்சேங்க. தரையில நிக்கிறவருக்கு எம்பதுதான?"

"அப்பிடில்லாம் ஒண்ணும் இல்ல. வெறும் நூறு மீட்டர்னுதான் இருந்துச்சு."

"நான் ரெண்டு தபா படிச்சேங்க."

"அப்ப நான் படிக்கலியா?" என்றார். வண்டியின் வேகம் கூடியது. நான் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

விடைக்குறிப்போடு கேள்வித்தாளும் வந்தது. 'ஓய்வில் இருக்கும்போது' என்ற சொற்கள் அதில் தெளிவாக இருந்தன. அவரும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "ஆன்சர் கீயே அதான் சொல்லுது. நமக்கு இன்னா?" என்றார்.

எனக்கு அதில் ஒரு மதிப்பெண் இருந்தது. இருவர் மதிப்பெண்ணும், இந்தத் தடவை இவ்வளவு எடுத்தால் வேலை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த எல்லையை ஒட்டியே நின்றன. விடைக்குறிப்பு தவறென்று தோன்றினால் இணையத்தில் ஆட்சேபம் போடலாம். பாடநூல் பக்கத்தை ஆதாரமாக இணைக்கவேண்டும், கைடு புத்தகம் செல்லாது. விடை மாறினால் எனக்கு ஒன்று ஏறும். அவருக்கு ஒன்று இறங்கும்.

அந்த வாரத்தில்தான் நைனார்பாளையத்திலிருந்து என் மாமியார் போன் செய்தார். மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டுவது பற்றிப் பேசிவிட்டு, "அவனுக்கு மொதல்ல கெடைக்கட்டும்மா. நீ கவர்மென்ட் வேலைக்குப் போயி, ஆம்பள பிரைவேட்லயே குந்திக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்? நீ அடுத்த தபா எழுதிக்கலாம்" என்றார். குரலில் கோபமே இல்லை. "சரிங்கத்த" என்றேன்.

பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அந்தக் கணக்கை மறுபடி மறுபடி போட்டேன். எங்கேயாவது நான் தவறியிருந்தால் விட்டுவிடலாமே என்ற ஆசைதான். 0.44தான் வந்தது. அந்த ஒரு மதிப்பெண் அவருடையதே இல்லை, நான் எதையும் பறிக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரியான வாதம்தான். ஆனால் எங்கள் வீட்டில் அது எடுபடாது. தவறான விடையைச் சரிசெய்ய வேண்டும் என்ற பெரிய நோக்கமெல்லாம் எனக்கு இல்லை. அந்த மதிப்பெண் எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

கடைசி நாள் காலையில் அலமாரியிலிருந்து தடித்த பாடநூலை எடுத்துப் பையில் வைத்தேன். அது அவருடைய புத்தகம், கல்லூரியில் அவர் வாங்கியது. அதைப் பையில் வைத்த பிறகும் போடுவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்யவில்லை. மதியம் வகுப்பு முடிந்ததும் தலைமையாசிரியரிடம் அரை நாள் அனுமதி கேட்டுவிட்டேன். மலையில் நெட் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு ஆட்சேபம் போடும் பக்கம் மூடிவிடும். பஸ் தாமதமாக வந்தது. வளைவுகளில் இறங்கும்போது மடியில் இருந்த புத்தகத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். கச்சிராயபாளையத்துக்கு இந்தப் பக்கம் கரும்பு டிராக்டர் ஒன்று டிப்பர் சாய்ந்து சாலையை அடைத்துக்கொண்டிருந்தது. பஸ் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப்போனார். இதோடு போகட்டும், நேரம் முடிந்துவிட்டால் நல்லது என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம் என்னை பஸ்ஸிலிருந்து இறக்கி, சிதறிய கரும்புகளைத் தாண்டி நடக்கவைத்து, அந்தப் பக்கம் நின்ற ஷேர் ஆட்டோவில் ஏற்றியது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பிரவுசிங் சென்டர் உண்டு. ஒரு அக்கா நடத்திக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மூலைக் கம்ப்யூட்டரில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். திரையில் அவருடைய விடைத்தாள் இருந்தது.

என்னைப் பார்த்துவிட்டு, "ஸ்கூல் இல்லியா?" என்றார்.

"பர்மிஷன் போட்டேன்."

"இன்னா விஷயம்?"

பொய் சொல்ல நேரமும் இல்லை, வாயும் வரவில்லை. "ராக்கெட் கணக்குங்க" என்றேன்.

அவர் என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். அட்டையிலேயே அடையாளம் தெரிந்திருக்கும். கடை அக்கா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு கவுன்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ போடலன்னாலும் வேற எவனாவது போடத்தான் போறான்" என்றார் மெதுவாக.

"போடுவாங்க."

"அப்ப நீ எதுக்கு?"

"யாரும் போடலன்னா?"

அவர் எழுந்தார். நெருங்கி வந்து புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கினார். எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போனால் தடுப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. அவர் பொருளடக்கம் பார்க்காமலே பக்கங்களைத் தள்ளினார். நீளச் சுருக்கம் வரும் பக்கத்தில் நிறுத்தி, விரலால் அழுத்திப் பிளந்து, ஸ்கேனர்மேல் கவிழ்த்து வைத்தார்.

"ஹால விட்டு வெளிய வரும்போதே தெரியும் எனக்கு" என்றார். "பைக்ல நீ கேட்டியே, அப்பவே தெரியும்."

அவ்வளவுதான். வெளியே போனார். வண்டி உதைபட்டுக் கிளம்பும் சத்தம் கேட்டது.

"போடலாமாம்மா?" என்று கேட்டார் அக்கா. "போடுங்கக்கா" என்றேன். கடைசி நேரம் என்பதால் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு தடவை பாதியில் நின்றுபோனது. மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டதாகச் செய்தி வந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வீட்டுக்குப் போகத்தான் பயமாக இருந்தது.

அன்றைக்கு அவர் எதுவும் கேட்கவில்லை. அடுத்து வந்த வாரங்களிலும் கேட்கவில்லை. சாப்பாடு, காய்கறி, கேஸ் சிலிண்டர் என்று தேவையானதை மட்டும் பேசிக்கொண்டோம். ஒரே வீட்டில் இருவர் அப்படி வாழ முடியும் என்பதை அந்த மழைக்காலத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

இறுதி விடைக்குறிப்பில் 0.44 என்று திருத்தியிருந்தார்கள். என் ஆட்சேபத்தாலா, வேறு யாருடையதாலா என்று தெரியாது. பிறகு பட்டியல் வந்தது. என் எண் இருந்தது, அவர் எண் இல்லை. எல்லைக் கோட்டையும் வெளியிட்டிருந்தார்கள். எங்களுக்கு எல்லோரும் சொல்லியிருந்ததைவிட அது கீழே இருந்தது. அந்த ஒரு மதிப்பெண் இல்லாமலே நான் தாண்டியிருப்பேன். அது இருந்திருந்தாலும் அவர் எட்டியிருக்கமாட்டார். அணுக்கரு இயற்பியலில், அவருடைய சொந்தப் பாடத்தில், வேறு சில விடைகளும் திருத்தப்பட்டு அவருக்கு இன்னும் நிறைய இறங்கியிருந்தது. அந்தக் கணக்கு எங்கள் இருவரில் யாரையும் ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. வேறு எவருக்கோ மாற்றியிருக்கும்.

எனக்குத் திருக்கோவிலூர் பக்கம் வேலை கிடைத்தது. மாமியார் போன் செய்து வாழ்த்தினார். மகனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தட்டைப் பார்த்தபடியே அவர் கேட்டார். "அன்னிக்கு நான் பொஸ்தகத்த எடுத்துக்கினு போயிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

"லைப்ரரிக்கு ஓடியிருப்பேங்க. நேரம் பத்தாது. ஆனா ஓடியிருப்பேன்."

அவர் தலையை ஆட்டினார். கோபமா இல்லையா என்று அந்த முகத்தில் என்னால் படிக்க முடியவில்லை. "கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார். ஊற்றினேன்.