பொட்டு வைத்த லேப்டாப்

வேங்கிக்காலில் புதுப்புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. சிவில் டிப்ளமோ படித்த நான் வீட்டிலிருந்தபடியே அந்த வீடுகளுக்குப் பிளான் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் இருந்ததோ யாரோ ஓட்டித் தேய்த்த செகண்ட் ஹாண்ட் லேப்டாப். திரை நிமிர்ந்து நிற்காது. பின்னால் அரிசி அளக்கும் படியை முட்டுக்கொடுக்க வேண்டும். சார்ஜர் வயரை ஒருபக்கமாக வளைத்து ரப்பர் பேண்ட் போட்டால்தான் கரண்ட் ஏறும். பிளானில் ஒரு சுவரை நகர்த்திவிட்டுப் போய்க் குழம்புக்குப் புளி கரைத்துவிட்டு வந்தாலும் சுவர் பழைய இடத்திலேயே நிற்கும். எனக்கு இயல்பிலேயே பொறுமை கம்மி. இருந்த கொஞ்சத்தையும் அது தின்றுவிட்டது.

ஒருநாள் அது ஆன் ஆகவே இல்லை. தேரடி வீதி சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் அடிப்பக்கத்தைக் கழற்றி, மெமரியை உருவி அழிரப்பரால் தேய்த்துச் செருகி, எப்படியோ உயிர் கொடுத்தார்.

"மதர்போர்டு போகப்போவுது மேடம். ஆஃப் பண்ணாம வெச்சிருந்தீங்கன்னா ஓடும். பண்ணிட்டா எந்திரிக்காது. பேசாம புதுசு வாங்கிடுங்க."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் அரசாங்க ஆபீசில் வேலை பார்ப்பவர். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "புதுசு வாங்கற அளவுக்கா வேலை வருது? பொழுதுபோக்காத்தான பண்ற" என்றார்.

அந்த வாரமே அவருடைய ஸ்கூட்டர் லேசாக இருமியது. அன்று சாயங்காலமே மெக்கானிக்கிடம் போய், புது டயரோடு திரும்பி வந்தது. அதற்கு யாரும் யோசிக்கவில்லை, ஏனென்றால் அதில் அவர் வேலைக்குப் போகிறார். எனக்கு வயிறு எரிந்தது. இனி இவரிடம் கேட்பதில்லை என்று வீம்பு பிடித்தேன். லேப்டாப்பை அணைக்கவே இல்லை. கரண்ட் போனாலும் இன்வெர்ட்டரில் ஓடியது. ஆஃப் பண்ணாதீங்க, ஆஃப் பண்ணாதீங்க என்று வீடு முழுக்கச் சொல்லிவைத்தேன்.

ஆயுத பூஜை வந்தது. கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை வாங்கி விற்கும் மல்லாட்டை மண்டி வைத்திருந்த ஒருவர், மறுநாள் விஜயதசமியன்று எங்கள் பக்கத்து மனையில் பூமி பூஜை போடுவதாக இருந்தார். பிளான் காலையில் அவர் கைக்குப் போக வேண்டும். எல்லாத் திருத்தமும் முடித்து, பிரிண்ட் எடுப்பது மட்டும் பாக்கி. குளித்துவிட்டு வந்து எடுக்கலாம் என்று போனேன்.

வந்து பார்த்தால், சாமி படத்துக்கு முன்னால் சுத்தியல், ஸ்பானர், ஸ்கூட்டர் சாவி. நடுவில் என் லேப்டாப். மூடிமேல் சந்தனம், குங்குமம், ஒரு சாமந்திப்பூ. அரிவாள்மணையும் மிக்ஸியும் வருஷாவருஷம் அங்கே உட்காரும். அவற்றை என் தொழில் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. என் தொழிலுக்கு இந்த வீட்டில் பொட்டு வைத்தது அதுதான் முதல் தடவை.

அப்புறம்தான் லேப்டாப்பின் ஃபேன் சத்தம் கேட்கவில்லை என்பது உறைத்தது.

"ஆஃப் பண்ணிட்டீங்களா?" என்றேன் கணவரிடம்.

"பின்ன? சாமிக்கு வெக்கிற சாமான் ஓடிட்டிருந்தா நல்லாவா இருக்கும்? இன்னிக்கி ஒருநாளாவது அதுக்கு ரெஸ்ட் வேணாமா?"

பட்டனை அழுத்தினேன். ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றது. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். மெமரியை அழிரப்பரால் தேய்த்தேன். ஃபேன் ஓட்டையிலிருந்து சந்தனம் உதிர்ந்தது. திரும்பத் திரும்ப அழுத்தியதில் விரல்தான் சிவந்தது. அவர் கையில் மணியோடு நின்றார்.

"கும்பிட்டுட்டு பாக்கலாமே."

"நீங்களே கும்பிடுங்க."

கடைகளெல்லாம் பூஜைக்கு மூடியிருந்தன. முதல் தடவையாக மரியாதை செய்த மனுஷனை வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை. அந்த ஆத்திரம் தனி. சார்ட் பேப்பரை விரித்து, ஞாபகத்திலிருந்து அந்த வீட்டை ஸ்கேலும் பென்சிலுமாகப் போட்டு முடிப்பதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது.

காலையில் மண்டிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டினதவிட இது நல்லா புரியுதும்மா" என்றார். அவரையும் திட்ட முடியவில்லை.

அவர் போனதும் கணவர் தானாகவே, "கெளம்பு, புதுசு வாங்கிடலாம்" என்றார். அவருக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. ஹாண்டில் பாரில் பூச்சரம் ஆடிக்கொண்டிருந்த ஸ்கூட்டரில் போனோம். எனக்குக் கோபம் பாதி இறங்கியிருந்தது.

கடையில் இருந்தவர், "எதுக்கு சார் யூஸ் பண்ணப்போறீங்க?" என்று கணவரைக் கேட்டார்.

"வீட்ல சும்மா பாத்துக்கறதுக்குதாங்க. சுமாரா ஒண்ணு காட்டுங்க."

இறங்கிய கோபம் முழுசாக ஏறியது.

"தொழிலுக்கு" என்றேன். "வீட்டு பிளான் போடறது என் தொழில். அதுக்கு எது தாங்குமோ அதக் காட்டுங்க."

கடைக்காரர் என்னைப் பார்க்கவில்லை, சரியா என்று கேட்பதுபோல என் கணவரைப் பார்த்தார். நான் நகர்ந்து போய், கணவரை மறைத்தபடி கடைக்காரருக்கு முன்னால் நின்றுகொண்டேன்.