அடிப்பிடித்த சோறு

பிளசன்டனில் பக்கத்து அபார்ட்மென்டில் இருந்த ஈரானியர், கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, உள்ளே பார்க்காமல் படிக்கட்டுப் பக்கம் திரும்பி நிற்பார். அடர்ந்த புருவம், வீட்டிலும் இஸ்திரி கலையாத சட்டை. ஒரு மார்ச்சில், அவர்களுடைய புத்தாண்டுக்குச் செய்த கீரைச்சோற்றைப் பாத்திரத்தோடு கொண்டுவந்தார்.

“ஊர்ல அப்பா தவறிட்டார். இந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை கிடையாது” என்றேன். கிரீன் கார்டு வராததால் நான் போகவில்லை.

“மத்தவங்க சமைச்சுக் கொடுத்தா?”

“சாப்பிடலாம்.”

உள்ளே வந்து பாத்திரத்தைத் தட்டில் கவிழ்த்தார். அடிப்பிடித்த சோறு பொன்னிறமாக மேலே வந்தது. நாங்களானால் சுரண்டிக் கொட்டியிருப்போம். அவர் பெரிய துண்டாக உடைத்து என்னிடம் நீட்டினார்.

“இது விருந்தாளிக்கு.”

என் வீட்டில் நான் விருந்தாளி. கடித்தேன். நொறுங்கிய சத்தம் கேட்டது, ருசி தெரியவில்லை. தின்று முடிக்கும்வரை, திறந்திருந்த கதவு வழியே படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அழுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கு அழுகை வரவில்லை.