அந்தூரியத்தின் அடிப்பக்கம்

உக்குவளை ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் குடியிருக்கும் ஹமீமா, பதினெட்டு வருடம் பாடசாலைச் சீருடை தைத்தவள். முதுகு வலிக்கத் தொடங்கியதும் ஒரே நாளில் மெஷினை மூடினாள். "நின்டு செய்ற வேலையாப் பாத்துக்கிறேன்" என்று கணவன் பதுர்தீனிடம் சொல்லிவிட்டு, மூன்று அந்தூரியப் பூச்செடிச் சாடிகளோடு ஆரம்பித்தாள். நான்கு வருடத்தில் முற்றம் முழுக்கப் பச்சை வலைப் பந்தல் ஏறியது.

போன வருடம் அலுவிகாரையில் புதிதாகத் திறக்கவிருந்த விடுதியொன்றின் மேனேஜர் ரஜீவன் வந்து அறுபது சாடி கேட்டார். செடிகள் அவருக்குப் பிடித்திருந்தன. ஒரே ஒரு குறை சொன்னார்: "இலையெல்லாம் இன்னும் பளபளன்னு இருந்தா நல்லா இருக்கும்ங்க."

மறுநாளே ஹமீமாவும் பதுர்தீனின் தங்கை மபாஸாவும் தேங்காயெண்ணெயும் பழந்துணியுமாக உட்கார்ந்தார்கள். அறுபதும் கண்ணாடிபோல மின்னின.

ஒரு கிழமைக்குள் இருபது சாடிகளில் இலை மஞ்சளாகித் தொங்கியது. மபாஸா பதறினாள்.

"மதினி, இது கண்ணூறுதான். அந்த ஆள் பாத்த பார்வை சரியில்ல."

"பார்வைன்னா அறுபதுக்கும் படணுமே. எப்புடி இருபதுக்கு மட்டும் படும்?"

கடைத்தெருவில் விசாரித்தபோது, பூச்சிமருந்து வாங்கி அடிக்கச் சொன்னார்கள். ஹமீமா கேட்கவில்லை. பழுதான சாடிகளை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்துப் பார்த்தாள். எல்லாம் மபாஸா துடைத்தவை.

"நீ எப்புடித் துடைச்சே?"

மபாஸாவின் கண் கலங்கியது. "நல்லாத்தான் துடைச்சேன் மதினி. மேலயும் கீழயும், ஒரு இடம் விடாம."

ஹமீமா துடைத்தது மேற்பக்கத்தை மட்டும். வேலை சீக்கிரம் முடியட்டுமென்று அடிப்பக்கத்தை விட்டிருந்தாள். வித்தியாசம் அவ்வளவுதான்! நோயுமில்லை, பூச்சியுமில்லை என்று அப்போதே அவள் மனதில் உறுதியாகிவிட்டது. ஏன் என்பதுதான் தெரியவில்லை.

அறுபதில் சேராத வேறொரு சாடியிலிருந்து எண்ணெய் படாத இலையொன்றைப் பறித்துக்கொண்டு, அடுத்த தெருவிலிருந்த விஞ்ஞான ஆசிரியை நிரஞ்சலாவிடம் போனாள். நிரஞ்சலா இலையின் இரண்டு பக்கமும் நிறமில்லாத நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் டேப் ஒட்டி உரித்தெடுத்தாள். அடுத்த நாள் பாடசாலை முடிந்தபின் நுணுக்குக்காட்டியில் வைத்து ஹமீமாவைக் கூப்பிட்டாள்.

மேற்பக்கத்து அச்சில் வெறும் கட்டங்கள். அடிப்பக்கத்து அச்சில், கட்டங்களுக்கு நடுவே நிறையச் சின்னச் சின்ன உதடுகள்.

"வாய் மாதிரியே இருக்கே டீச்சர்!"

"பேரே இலைவாய்தான். காத்துல இருக்கிற காபனீரொட்சைட்டை இந்த வழியாத்தான் இலை எடுத்துக்குது. சாப்பாடு செஞ்சு முடிச்சு ஒட்சிசனை விடுறதும் இதாலதான். தண்ணி ஆவியும் இதாலதான் போகும். உங்க அந்தூரியத்துக்கு இந்த வாயெல்லாம் அடிப்பக்கத்துலதான் இருக்கு."

"அப்ப நாங்க இருபது செடிக்கு வாயைப் பொத்திட்டோம்."

"எண்ணெயால அடைச்சிட்டீங்க."

வீட்டுக்கு வந்ததும் ஹமீமா வாளியில் சவர்க்காரம் கொஞ்சமாகக் கரைத்தாள். இருவரும் ஒவ்வொரு இலையாகப் புரட்டி மெதுவாகக் கழுவி, நல்ல தண்ணீரால் அலசினார்கள். தன்னுடைய நாற்பதிலும் மேல் எண்ணெயை எடுத்தாள். மபாஸா மஞ்சளான இலையொன்றையே திரும்பத் திரும்பக் கழுவுவதைப் பார்த்து, "எண்ணெய் வைக்கச் சொன்னது நான்தானே. உன் மேல தப்பில்ல" என்றாள். அதன்பிறகுதான் மபாஸா சிரித்தாள்.

பிறகு ரஜீவனுக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, நாப்பது சாடி சொன்ன நாளுக்கு வரும். மிச்சம் ரெண்டு மாசம் கழிச்சு. இலையில எண்ணெய் கிடையாது, ஈரத்துணியால துடைச்சுத் தருவேன்."

"பளபளப்பு இல்லாம எப்புடிங்க?"

"பளபளப்புத்தான் வேணும்னா பிளாஸ்டிக் செடி வாங்குங்க. உசிருள்ளது வேணும்னா ரெண்டு மாசம் பொறுங்க."

"சரிங்க, அனுப்புங்க" என்றார் ரஜீவன்.

இருபதில் ஆறு செத்துப்போயின. பதினான்கு துளிர்த்தன. மபாஸாவே பந்தலிலிருந்த இளஞ்செடிகளில் ஆறைப் புதுச் சாடிகளில் வளர்த்துச் சேர்த்தாள். இரண்டு மாதமென்று சொன்ன ஹமீமா, ஐம்பதாவது நாளில் பதுர்தீனின் லொறியில் இருபதையும் ஏற்றி, தானே முன் சீட்டில் உட்கார்ந்து அலுவிகாரைக்குக் கொண்டுபோய் இறக்கினாள். விடுதி வாசலில் நின்ற தோட்டக்காரரிடம் ஓர் இலையைப் புரட்டிக் காட்டி, எதை எங்கே பூசக்கூடாதென்று சிங்களத்தில் அரைமணி நேரம் விளக்கிவிட்டுத்தான் லொறியில் ஏறினாள்.