ஓர்ஃபா கேட்ட ஒரு சென்ட்

எங்கள் ஊரின் ஆண்டறிக்கையில் முதல் பக்கம், அந்த வருடம் இறந்துபோன ஒருவருக்கு. இந்த முறை அது ஓர்ஃபா கிட்ரெட்ஜுக்குப் போனது. வெஸ்ட் பெல்டனின் ஊர் எழுத்தர் நான்தான் என்பதால் எழுதும் வேலையும் என்னுடையது. அரைப் பக்கம் கொடுத்தார்கள். பிறந்த தேதி, முப்பத்தொரு வருட நூலக வேலை, அவள் செய்யும் எலுமிச்சை கேக், எல்லாம் அதில் அடங்கிவிட்டது. அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

ஓர்ஃபா ஒல்லி, நல்ல உயரம். வருடத்தில் எட்டு மாதம் ஆண்கள் போடும் ரப்பர் பூட்ஸில்தான் இருப்பாள். நூலகத்தில் யாராவது சத்தமாகப் பேசினால் "உஷ்" என்பாள். அந்த "உஷ்" தபால் ஆபீஸ் வரைக்கும் கேட்கும். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவாள். பிடிபட்டால், "நீ கவனிக்கிறியான்னு பாத்தேன்" என்பாள்.

அவளுக்கு ஒரே ஒரு குறை. நூலகத்துக்கு என்று ஊரில் நிலையான பணம் கிடையாது. மார்ச் மாத முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க் கூட்டம். அதில் வருடா வருடம் எழுந்து நின்று கேட்க வேண்டும். கேட்டதில் பாதி கிடைக்கும். சில வருடம் அதுவும் கிடைக்காது. கூட்டம் முடிந்த மறுநாள் "வேண்டாம்" என்று கத்தியவர்களுக்கு அவளிடமிருந்து போன் போகும்.

"நீங்க கேட்டிருந்த துப்பறியும் கதை வந்திருக்கு. ஒரு சின்ன விஷயம். கூரை ஒழுகி கடைசி பத்துப் பக்கம் மட்டும் ஊறிப்போச்சு. பரவாயில்லையா?"

கத்தியவர்கள் நூலகத்தை வெறுத்தவர்கள் இல்லை. சாலைப் பொறுப்பாளர் மெர்ல் தீபோவுக்குப் பயந்தவர்கள். ஊர்ப் பணத்தில் ஒரு சென்ட் கூடச் சாலையை விட்டு வேறு பக்கம் போகக்கூடாது என்பது மெர்லின் கொள்கை. பனி கொட்டினால் யார் வீட்டுப் பாதையில் முதலில் அதைத் தள்ளுவது என்பது அவன் கையில். வீட்டுப் பாதை எவ்வளவு நீளமோ, கூட்டத்தில் "வேண்டாம்" அவ்வளவு சத்தமாக வரும். மெர்ல் யாரையும் மிரட்டியதில்லை. திரும்பிப் பார்ப்பான், அவ்வளவுதான்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரியில் நூலகத்தைச் சூடாக்கும் கொதிகலன் வெடித்தது. அறங்காவலர்கள் கூடி முடிவெடுத்தார்கள்: அந்த மார்ச்சில் நிலையான வருமானத்துக்கு வழி பிறக்காவிட்டால் ஜூனில் கதவை மூடி, புத்தகங்களைப் பக்கத்து ஊருக்குக் கொடுத்துவிடுவது. ஓர்ஃபா ஒரு தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கினாள். சொத்து மதிப்பில் ஒவ்வொரு நூறு டாலருக்கும் ஒரு சென்ட் வரி நூலகத்துக்கு. ஒரு தடவை நிறைவேறினால் போதும், பிறகு வருடா வருடம் தானாக வந்துவிடும்.

கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பு காலை, கடையில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். மெர்ல் தன் சாலை ஆட்களோடு அடுப்புப் பக்கம் நின்றிருந்தான்.

"என்ன ஓர்ஃபா, இந்த வருஷமும் உண்டியலைத் தூக்கிட்டு வர்றியா?"

"இல்ல மெர்ல். இந்த வருஷம் உண்டியலை உன் வீட்டுச் சுவத்துலயே ஆணி அடிச்சு மாட்டிடப் போறேன்."

"பனி உருகற சேத்து மாசத்துல காரு அச்சு வரைக்கும் இறங்குது. நீ ஒரு சென்ட்டு கேக்குற. சக்கரத்துக்கு அடியில உன் புத்தகத்தைப் போட்டுக்கவா?"

"கெட்டி அட்டையா இருந்தா தாங்கும். வந்து எடுத்துக்கோ. திருப்பிக் குடுக்கறப்ப மட்டும் கழுவிக் குடு."

அவன் ஆட்களே சிரித்துவிட்டார்கள். மெர்ல் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஓர்ஃபா என் காதருகே குனிந்து, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி ரகசியம் சொன்னாள்.

"கை தூக்கற ஓட்டுன்னா எனக்குக் கவலையே இல்ல. ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். சீட்டுல எழுதிப் போடறதுதான் பயமா இருக்கு. அதை மட்டும் யாரும் கேட்டுடக் கூடாது, சாமி."

மெர்ல் தன் காபியில் நான்காவது ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குச் சர்க்கரை நோய் என்பதே மறந்துவிட்டது போலிருக்கிறது.

வெளியே வந்ததும் நான் கேட்டேன். "அவன் காது கேக்க எதுக்கு அதைச் சொன்னே?"

"அடடா, வாய் தவறிடுச்சு," என்று சொல்லிவிட்டு விசிலடித்துக்கொண்டே போனாள்.

கூட்டத்தில் வழக்கமாகக் குரல் ஓட்டுதான். சந்தேகம் வந்தால் கை தூக்கச் சொல்வார்கள். ஆனால் ஏழு பேர் எழுந்து நின்று கேட்டால், பெயர் போடாத சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும் என்பது சட்டம். நூலக விஷயத்தில் அதுவரை யாரும் அப்படி எழுந்ததில்லை. ஓர்ஃபாவோ அவள் ஆட்களோ கேட்டிருந்தால் மெர்ல் உஷாராகியிருப்பான்.

செவ்வாய்க்கிழமை நூலகத் தீர்மானம் வந்தது. அவைத் தலைவர் ப்ரௌட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். ஓர்ஃபா எழுந்தாள். கையில் நாலாக மடித்த ஒரு நீளத் தாள். அதை நிதானமாகப் பிரித்து, மேலிருந்து கீழே பார்த்து, ஒரு வரியில் விரலை வைத்து, மண்டபத்தைப் பார்த்துப் புன்னகை செய்தாள்.

மண்டபம் சட்டென்று அடங்கியது. யார் எதை எடுத்துப் படிக்கிறார்கள் என்று ஓர்ஃபா ஒரு நாளும் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். பின்வரிசையில் ஒரு பால்பண்ணைக்காரர் தொப்பியை இழுத்துக் கண்ணை மறைத்துக்கொண்டார்.

"அவைத் தலைவரே, நான் அதிகம் பேசப் போறதில்ல," என்றாள் ஓர்ஃபா. "இந்த ஊர்ல யார் படிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கும் தெரியும். கை தூக்கச் சொல்லுங்க, எண்ணிக்கலாம்."

மெர்ல் குதித்து எழுந்தான். "தலைவரே! சீட்டு ஓட்டு கேக்கிறேன்!"

"அய்யய்யோ," என்றாள் ஓர்ஃபா, மார்பில் கையை வைத்து.

"ஏழு பேர் வேணும் மெர்ல்," என்றார் ப்ரௌட்டி.

மெர்ல் திரும்பிப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. சாலை ஆட்கள் ஐந்து பேரும், தொப்பிக்காரரும் எழுந்துவிட்டார்கள். அவ்வளவு வேகமாக அவர்கள் பனி தள்ளி நான் பார்த்ததில்லை.

நானும் இன்னும் இரண்டு பேரும் எண்ணினோம். எழுபத்தொன்று ஆமாம், அறுபத்தாறு இல்லை. ப்ரௌட்டி இரண்டு தடவை வாசித்தார். ஏழு பேரும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டார்கள். மெர்லின் பார்வையில்தான் கோபம் அதிகம்; தேவைக்கும் கொஞ்சம் அதிகம். "ஆமாம்" சீட்டு ஒன்றில் கறுப்பு கிரீஸ் கட்டைவிரல் பதிந்திருந்தது. சாலைப் பட்டறையில் கிரீஸ் படாத கை கிடையாது. அதற்கு மேல் நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

கூட்டத்தில் காட்டிய தாளைக் கோப்பில் சேர்ப்பது எழுத்தரின் கடமை. கேட்டேன். கொடுத்தாள். வெண்ணெய் இரண்டு பவுண்டு, எலுமிச்சை நாலு, முட்டை ஒரு டஜன், பூனைக்கு மருந்து. கடைசி வரியில் பென்சிலால், "அழாதே" என்று எழுதியிருந்தது. அதை நான் கோப்பில் சேர்க்கவில்லை. அலுவலகத்தில் நான் செய்த ஒரே முறைகேடு அது.

என் வீடு நூலகத்துக்கு எதிரில். புதன்கிழமைகளில் அவள் பூட்டிவிட்டு எங்கள் வீட்டுக்கு சூப் சாப்பிட வருவாள். அதற்குச் சற்று முன், மெர்லின் சாலை லாரி நூலகத்தின் பின்வாசலில் நிற்கும். பழுப்புக் காகிதத்தில் சுற்றிய ஒரு கட்டு உள்ளே போகும், இன்னொன்று வெளியே வரும்.

"மெர்ல் என்ன கொண்டு வர்றான்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"உப்பு. படியில பனி உறைஞ்சிருக்கு, வழுக்குது. தூவினா கரைஞ்சிடும்."

அது ஜூலை மாதம். அவள் சூப்பை உறிஞ்சிக்கொண்டு பூனையைப் பார்த்தாள்.

போன நவம்பரில் போய்விட்டாள். இந்த மார்ச்சில் அவள் இல்லாமல் முதல் கூட்டம். சாலை, தீயணைப்பு வண்டி, கல்லறைத் தோட்டத்துப் புல் என்று மூன்று மணி வரைக்கும் சண்டை போட்டோம். நூலகம் என்ற சொல்லே வரவில்லை. யாரும் எழுந்து நிற்கவில்லை, யாரும் கேட்கவில்லை, யாரும் மறுக்கவில்லை. நூறுக்கு ஒரு சென்ட் தன் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவள் அத்தனை வருடமாகக் கேட்டது அந்த மௌனத்தைத்தான். குறிப்பேட்டில் எழுத ஒன்றுமில்லாமல் பேனாவை மூடினேன்.

புதன்கிழமைகளில் இன்னும் கை தவறி இரண்டு கிண்ணம் எடுத்துவிடுகிறேன். போன வாரம் அப்படி எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியபோது, அந்த லாரி நூலகத்தின் பின்னால் நின்றிருந்தது. மறுநாள் புது நூலகர் பெண்ணிடம் கேட்டேன்.

"மெர்ல் என்னம்மா கொண்டு வந்தாரு?"

அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "உப்பு," என்றாள்.

வெளியே ஆகஸ்ட் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.